ரதியின் ஒப்பாரியும் ஓடாத டிவிடியும்

போன செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்குப் போனப்போ, அப்பாயி லயத்துக்குப் பின்னால இருக்கிற போஞ்சிப் பாத்தியில நின்று பழைய டிஸ்குகளை நூலில் கோர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாங்க. காற்றுக்குச் சுற்றி வெளிச்சம் அடிச்சா குருவி கிட்ட வராது. ஹட்டன் பக்கம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் மரக்கறிப் பாத்திகளில் இப்படி மின்னுவதைப் பார்க்கலாம். நடுவில் ஓட்டை இருப்பதால் நூல் கோர்க்கவும் லேசு.

அப்பாயி மடியில் இன்னும் நாலைந்து கிடந்தது. அதில் ஒன்றின் மேல் ஒட்டியிருந்த பேப்பரில் "காமன் கூத்து 2009".

"அப்பாயி, இது தாத்தா பாடின டிவிடி இல்ல?"

"அதான் ஓட மாட்டேங்குதே. சும்மா வச்சு என்ன செய்ய?"

நாங்க என்றால் ரெண்டு பேர். ஒருத்தர் பேராதனையில் கலைப்பீடம், மற்றவர் இந்த வருசம் ஏ.எல். தாத்தா செத்துப் பத்து வருசமாகுது. எங்க டிவிசன் கூத்துக்கு அவர்தான் வாத்தியார். மாசி மாசம் காமன் நட்டு, ரதி மதன் கல்யாணம் நடந்து, சிவன் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிந்து, பிறகு ரதி அழுவாள். வேசம் கட்டி ஆடுவது யாராக இருந்தாலும் அந்த ஒப்பாரியை எடுத்துக் கொடுக்கிற குரல் தாத்தாவோடது. அந்தக் குரல் இருக்கிற ஒரே இடம் இந்த டிஸ்க். அவர் வைத்திருந்தது பட்டன் போன், அதில் ரெக்கோர்டிங் ஒன்றும் கிடையாது.

டிஸ்கை வாங்கி வந்து வீட்டுக் கம்பியூட்டரில் போட்டோம். உள்ளே கர் கர் என்று சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. கடைசியில் "டிஸ்க் போடுங்கள்" என்று கேட்டது. போட்ட பிறகும் கேட்டது!

முதல் நாள் நாங்க செய்ததெல்லாம் பிழை. பத்துத் தரம் தட்டைத் திறந்து மூடினோம். துணியால் வட்டமாகத் தேய்த்தோம். அடுத்த நாள்தான் உட்கார்ந்து யோசித்தோம்: கோளாறு எங்கே? கம்பியூட்டரிலா, டிரைவிலா, படம் காட்டுகிற மென்பொருளிலா, டிஸ்கிலா? ஒன்றொன்றாகக் கழித்துக்கொண்டு வரணும்.

முதலில் ஒரு பாட்டு சீடி. ஓடியது. ஆனா அதை வைத்து டிரைவ் நல்லது என்று முடிவு கட்ட முடியாது. சீடி படிக்கிற லேசர் வேறு, டிவிடி படிக்கிற லேசர் வேறு. சீடிக்கு 780 நனோமீற்றர், கண்ணுக்குத் தெரியாத ஒளி. டிவிடிக்கு 650 நனோமீற்றர், சிவப்பு. ஒன்று பழுதாகி மற்றது நல்லா இருக்கலாம். அதனால் கடையில் வாங்கின ஒரு படத்து டிவிடியையும் போட்டோம். ஃபோல்டர் தெரிந்தது, படம் வரல்ல.

அப்போதான் ஞாபகம் வந்தது. இந்தக் கம்பியூட்டர் முன்னாடி விண்டோஸ் 7, பிறகு கடையில் கொடுத்து 10 போட்டது. 2012இல் வந்த விண்டோஸ் 8இல் இருந்தே மீடியா பிளேயரில் டிவிடி படம் காட்டும் வசதியை எடுத்துவிட்டார்கள். விஎல்சி போட்டோம், படம் ஓடியது. அந்த விஎல்சியே 1996இல் பாரிஸில் ஒரு கல்லூரி மாணவர்கள் தங்கள் வளாக வலையமைப்பில் வீடியோ பார்ப்பதற்காகத் தொடங்கின வேலை. 2001இல் இருந்து எல்லாருக்கும் திறந்த மென்பொருள்.

ஆக, டிவிடி லேசர் நல்லம், மென்பொருளும் சரி. தாத்தா டிஸ்க் மட்டும் இன்னும் "டிஸ்க் போடுங்கள்" என்றது. கோளாறு அதில்தான்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். வீடியோக்காரர் ஆசையாக ஒட்டின பேப்பர் ஸ்டிக்கர் அங்கங்கே உப்பியிருந்தது. எங்க பக்கத்து மிஸ்டும் மழையும் தெரியும்தானே? சுவரே வேர்க்கும், பேப்பர் ஈரம் குடிக்காமல் இருக்குமா? ஸ்டிக்கர் ஒரு பக்கம் இழுத்தால் டிஸ்க் லேசாக வளையும், வேகமாகச் சுற்றும்போது ஆடும். பிய்த்து எடுக்கலாமா என்று கை துறுதுறுத்தது. எடுக்கல்ல. டிவிடி என்பது ரெண்டு மெல்லிய தட்டு ஒட்டினது, தரவு நடுவில் இருக்கு. பலமாக இழுத்தால் ஒட்டே விடலாம். சீடியில் இன்னும் மோசம். அதில் தரவு மேல்பக்கத்து மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருப்பதால் ஸ்டிக்கரோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும்.

துடைப்பதையும் திருத்திக்கொண்டோம். நடுவில் இருந்து வெளிப்பக்கமாக, நேர்கோடாக. தரவு வட்டமாகச் சுருள் சுருளாக எழுதப்பட்டிருப்பதால், குறுக்கே விழும் சின்னக் கீறலை டிரைவ் சமாளித்துவிடும். சுருளோடு சேர்ந்து ஓடும் கீறலைச் சமாளிப்பது கஷ்டம். முதல் நாள் வட்டமாகத் தேய்த்ததை நினைத்து வயிறு எரிந்தது. பிறகு கம்பியூட்டரை அரை மணித்தியாலம் சும்மா ஓடவிட்டோம். வாரக்கணக்கில் குளிரில் கிடந்த டிரைவின் லென்சில் ஈரம் படிந்திருந்தால் சூட்டுக்குக் காயட்டும் என்று.

மறுபடி போட்டோம். திறந்தது. பிரட்டுக்களம், தப்புச் சத்தம், சின்ன வயசில் நாங்க. இருபது நிமிசம் போய் நின்றது.

டிஸ்க் உள்ளிருந்து வெளியே படிக்கப்படும். படத்தின் கடைசி, விளிம்பில் இருக்கும். நாம் பிடிக்கிறதும் விளிம்பை, வளைவு அதிகம் தெரிவதும் விளிம்பில். சின்ன வயசில் கிளைமாக்சில் மட்டும் டிவிடி இறுகுவது ஏன் என்று இப்போ விளங்குது. ரதியின் ஒப்பாரியும் கடைசியில்தான்.

லீவு முடிந்து டிஸ்கைப் பேராதனைக்குக் கொண்டுபோனோம். கூட்டாளி ஒருத்தரிடம் யுஎஸ்பி டிவிடி டிரைவும் லினக்ஸ் லெப்டொப்பும் இருந்தது. ஒரு டிரைவுக்குப் படிக்க முடியாததை இன்னொரு டிரைவ் படிக்கும், இது நிறையப் பேருக்குத் தெரியாது. டிடிரெஸ்கியூ என்று ஒரு இலவச மென்பொருள் போட்டார். அது முதலில் லேசாகப் படிக்கக்கூடியதையெல்லாம் எடுத்துவிடும். பிறகு திரும்பி வந்து, பழுதான இடத்தைத் துண்டு துண்டாக முயற்சி செய்யும். எது வந்தது, எது வரல்ல என்று குறித்தும் வைக்கும். இடையில் நின்றாலும் விட்ட இடத்தில் தொடங்கலாம். ராத்திரி முழுக்க ஓடியது.

விடிய, கொஞ்ச இடம் தவிர எல்லாம் வந்திருந்தது. மன்மதன் எரிகிற காட்சி கட்டம் கட்டமாக உடைந்துபோயிருந்தது. ஆனா குரல் கேட்டது. இதற்கும் காரணம் இருக்கு. வீடியோவில் ஒரு படம் முந்தின படத்தை நம்பி நிற்கும், ஒன்று கெட்டால் அடுத்தடுத்ததும் கெடும். ஒலித்துண்டுகள் தனித்தனி, பழுது முடிந்த உடனே திரும்பி வந்துவிடும். அதனால் தாத்தா முகம் தெரியல்ல, தாத்தா பாடினார்.

பென்னில் ஏற்றிக்கொண்டுபோய் அப்பாயிக்குப் போட்டுக் காட்டினோம். குசினியில் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவங்க எழும்பி வரல்ல. பாட்டுக்கு நடுவில் ஒரு இருமல் வந்தது. "அந்த எடத்துல எப்பவும் இருமுவாரு" என்று மட்டும் சொன்னாங்க. கொஞ்ச நேரம் கழித்து, "கட்டுனதையெல்லாம் கழட்டிட்டு வாங்க" என்றாங்க.

போஞ்சிப் பாத்தியில் தொங்கின டிஸ்கில் ஒன்று அத்தையின் சடங்கு. கீழ்ப்பக்கம் ஊதாவாக இருக்கிற, வீட்டில் எழுதின டிஸ்கில் தரவைப் பிடித்து வைத்திருப்பது ஒரு சாயம். வெயில் பட்டால் வெளுத்துவிடும். அத்தையின் டிஸ்க் எந்த டிரைவிலும் திறக்கல்ல. டிடிரெஸ்கியூவாலும் முடியல்ல.

2023இல் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்கள், நம்ம ஆட்கள் வந்து 200 வருசம் என்று. நாங்களும் ஸ்டேட்டஸ் போட்டோம். அந்த நேரத்தில் எங்க வீட்டுப் பெட்டிக்குள் தாத்தா ஈரத்தில் உப்பிக்கொண்டிருந்தார். கல்யாணம், சடங்கு, தேர், கூத்து எல்லாம் ஒவ்வொரு லயத்திலும் ஒரே ஒரு டிஸ்கில் இருக்கு. புது லெப்டொப்பில் டிரைவே வருவதில்லை. அடுத்த லீவுக்கு வீட்டுக்குப் போறவங்க, பெட்டியைத் திறந்து பாருங்க. ஓடல்ல என்றால் உடனே நூலில் கோர்க்காதீங்க. இன்னொரு டிரைவில் போட்டுப் பாருங்க. ஓடினால் அன்றைக்கே கொப்பி எடுங்க, ரெண்டு இடத்தில் வையுங்க.

எங்க பாத்தியில் இப்போ கிழிந்த பொலித்தீன் கட்டியிருக்கு. குருவி வருது. அப்பாயி ஒன்றும் சொல்லல்ல.