சத்தம் அடங்கிய புல்லட்

திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் 34 வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நட்டு, போல்ட்டு விஷயத்தில் அவருக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. அப்படிப்பட்டவர்தான் தன்னுடைய 1984 மாடல் புல்லட்டின் விஷயத்தில் ஆறு மாதம் ஏமாந்துபோனார்.

பி.எஃப் லோன் போட்டு வாங்கிய வண்டி. இரண்டு பிள்ளைகளும் அதன் டேங்க்கில் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடம் போனார்கள். மனைவி இறந்து நான்கு வருடமாகிறது. பின் சீட் அன்றிலிருந்து காலி. வண்டியை மட்டும் அவர் விடவில்லை.

போன வருடம் காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை வர ஆரம்பித்தது. வால்வு கைடு தேய்ந்து ஆயில் உள்ளே இறங்குகிறது என்றார் பாய். 28 வருடமாக அந்த வண்டியைத் தொடுகிற ஒரே மெக்கானிக். சிலிண்டர் ஹெட்டை இறக்கி, இரண்டு வால்வு, இரண்டு கைடு, ஸ்பிரிங் எல்லாம் புதிதாகப் போட்டு, லேத் பட்டறையில் சீட் வெட்டிக் கொண்டுவர வேண்டும். ஒரு வாரம் கேட்டார்.

"மூணு நாள்ல குடுங்க பாய். பையன் துபாய்லேர்ந்து வர்றான். பேரனை முதல் தடவையா பார்க்கப் போறேன். அப்புறம் இன்னொண்ணு, டப்பெட் சத்தமே வரக் கூடாது. குழந்தை தூங்குற வீடு."

மூன்றாம் நாள் வண்டி வந்தது. "500 கிலோமீட்டர் ஓடினதும் கண்டிப்பா கொண்டாங்க சார்" என்று பாய் சொன்னதற்கு அவர் தலையாட்டினார். அத்தோடு மறந்தும் போனார்.

புல்லட்டில் இரண்டு சத்தம் உண்டு. சைலன்ஸரிலிருந்து வருவது ஊருக்கே தெரிந்த சத்தம். இன்னொன்று, என்ஜின் பக்கத்திலிருந்து தையல் மிஷின் மாதிரி வரும் 'டிக் டிக்'. வால்வைத் திறந்து மூடுகிற உறுப்புகளுக்கு நடுவே இருக்கும் மயிரிழை இடைவெளியின் சத்தம் அது. ஓட்டுகிறவருக்கு மட்டுமே கேட்கும்.

அந்த டிக் டிக் நாளாக ஆகக் குறைந்துகொண்டே வந்தது. 'என்ஜின் செட் ஆகிடுச்சு' என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்து கிக்கர் லேசானது. பழைய புல்லட்டை உதைத்து ஸ்டார்ட் செய்வது ஒரு சடங்கு. டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து, ஆம்ப் மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, மூச்சைப் பிடித்து உதைக்க வேண்டும். தப்பினால் கிக்கர் திருப்பி உதைக்கும். அது இப்போது ஸ்கூட்டர் மாதிரி இறங்கியது. முழங்கால் வலிக்காரருக்கு வேறென்ன வேண்டும்? அதற்கும் சந்தோஷப்பட்டார்.

இரண்டுமே நோயின் அறிகுறிகள்.

சுமார் 2,000 கிலோமீட்டரில், விராலிமலை போகும் வழியில், ஒரு சின்ன மேட்டில் வண்டி இழுக்க மறுத்தது. ஆக்ஸிலரேட்டரை விட்டால் சைலன்ஸரில் பட் பட்டென்று வெடித்தது. வேர்த்து விறுவிறுத்து பட்டறைக்கு வந்து சேர்ந்தவர், நாலு கஸ்டமர் முன்னாலேயே கத்திவிட்டார்.

"டூப்ளிகேட் வால்வைப் போட்டு ஏமாத்திட்டீங்களே பாய்! 28 வருஷப் பழக்கம்னு நம்பினேனே!"

பாய் பதிலுக்குக் கத்தவில்லை. "காலையில வாங்க சார். உங்க கண்ணு முன்னாடியே ஹெட்டை இறக்குறேன்" என்று மட்டும் சொன்னார்.

அன்று இரவு நண்பர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அதில் ஒன்று, பெட்ரோலில் ஈயம் இல்லாதது. முழுக்கப் பொய்யில்லை. இந்தியா முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்தது 2000 பிப்ரவரியில். அதற்குமுன் ஈயத்தின் படிவு, சூடான வால்வும் சீட்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்யாமல் மெத்தை மாதிரி காத்தது. மென்மையான வார்ப்பிரும்பு சீட் உள்ள பழைய வண்டிகளுக்கு அந்த மெத்தை போனது நஷ்டம்தான். ஆனால், இந்த வண்டி அதே பெட்ரோலில் இருபது வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. ஹெட் வேலை முடிந்த ஆறே மாதத்தில் தேய்ந்ததற்குப் பெட்ரோலைக் குறை சொல்ல முடியுமா?

மறுநாள் காலை பாய் ஹெட்டில் கை வைக்கவில்லை. முதலில் என்ஜினின் வலது பக்கத்தில் உள்ள சின்ன மூடியைக் கழற்றினார். உள்ளே இரண்டு புஷ் ராடு. பிஸ்டனை கம்ப்ரஷனில் மேலே நிறுத்திவிட்டு, "சுத்திப் பாருங்க சார்" என்றார்.

என்ஜின் ஆறியிருக்கும்போது அந்த ராடு இரண்டு விரலில் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. புல்லட்டுக்கு அதுதான் கணக்கு. இன்லெட் சுற்றியது. எக்ஸாஸ்ட் அசையவே இல்லை.

பாய் டார்ச் அடித்தார். லாக் நட்டின் முனைகளில் புதிதாக ஸ்பேனர் வழுக்கிய கீறல். "இது என் ஸ்பேனர் இல்லையே சார்?"

ஃபிட்டருக்கு அந்தக் கீறல் யாருடையது என்று தெரியும். பேரன் வந்த இரண்டாம் நாள், வாசலில் வண்டி டிக் டிக்கென்றபோது, சூடான என்ஜினிலேயே ஸ்க்ரூ ஸ்பேனரைப் போட்டு அவர்தான் இறுக்கினார்.

எக்ஸாஸ்ட் வால்வின் பாடு சாதாரணமானதல்ல. என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் அது 1,500 முறை திறந்து மூடும். எரிந்த வாயு முழுக்க அதைத் தடவிக்கொண்டுதான் வெளியேறுகிறது. அந்தச் சூட்டின் பெரும்பகுதியை, மூடி சீட்டோடு அணைந்திருக்கிற அந்த நொடிப்பொழுதில்தான் அது இறக்கிவைக்கிறது. இடைவெளி இல்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாது. மூடாத வால்வு ஆறாது. சூடு ஏற ஏற விளிம்பு தீயும், சீட்டும் அரிக்கும். சீட் அரிக்க அரிக்க வால்வு இன்னும் உள்ளே போகும். இருக்கிற கொஞ்ச இடைவெளியும் போய்விடும். புது கேஸ்கெட் அமுங்கி ஹெட் லேசாக இறங்குவதும் சேர்ந்துகொள்ளும். 500 கிலோமீட்டரில் வரச் சொன்னது இதற்காகத்தான்.

அவர் தலை குனிந்து நின்றார். பாய் அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ஹெட்டை இறக்கினார்.

ஹெட்டைக் கவிழ்த்து, எக்ஸாஸ்ட் வழியில் பெட்ரோல் ஊற்றியதும் வால்வைச் சுற்றி ஒழுகியது. வால்வைக் கழற்றினால், சீட்டில் ஒரு பக்கம் தடித்த வளையம், எதிர்ப்பக்கம் நூல் மாதிரி. பிறை நிலா கணக்காக இருந்தது. பாய் இன்லெட் வால்வின் முகத்தில் பென்சிலால் குறுக்குக் கோடுகள் போட்டு, சீட்டில் வைத்து லேசாகத் திருப்பி எடுத்தார். அதிலும் பாதிக் கோடுகள் அழியாமல் அப்படியே இருந்தன.

ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "சீட் கோணலா உக்காந்திருக்கு சார். முதல்ல கைடை இறக்கி, அதை மையமா வெச்சுத்தான் சீட்டை வெட்டணும். லேத்துல மாத்திச் செஞ்சுட்டாங்க போல. கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்ச்சப்பவே எனக்குச் சந்தேகம்தான். வளையம் தெரியுற வரைக்கும் தேய்ச்சேன். இந்தப் பென்சில் கோட்டை அன்னிக்கே போட்டுப் பார்த்திருக்கணும். அவசரத்துல விட்டுட்டேன்."

வால்வு டூப்ளிகேட் இல்லை. பெட்டிகூட அலமாரியில் அப்படியே இருந்தது. பாய் அதை எடுத்துக் காட்டவில்லை. அவராகவே பார்த்துக்கொண்டார்.

"நேத்து அத்தனை பேர் முன்னாடி..." என்று ஆரம்பித்தவரை பாய் முடிக்க விடவில்லை. "சீட்டு வேற போடணும் சார். லேத்துக்கு நீங்களும் வாங்க."

போனார். லேத்தில் முதலில் கைடு இறங்குவதையும், பிறகு அதன் துளையில் ராடை நிறுத்தி சீட் வெட்டுவதையும், அரை மணி நேரம் கைகட்டி நின்று பார்த்தார். பாய் கூலி வாங்கவில்லை. வால்வு காசையாவது வாங்கிக்கொள்ளச் சொல்லி இவர் சண்டை போட்டு ஜெயித்தார். இந்தத் தடவை ஏழு நாள் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை. மகனும் பேரனும் அதற்குள் துபாய் திரும்பிவிட்டிருந்தார்கள்.

சரியாக 500 கிலோமீட்டர் ஆன அன்று, ஆறிய என்ஜினில்தான் பார்க்க வேண்டும் என்பதால், முந்தைய நாள் இரவே வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போனார். காலையில் பாய் ஷட்டரைத் தூக்கும்போது வாசலில் நின்றிருந்தார்.

மூடியைக் கழற்றிய பாய், ஒதுங்கி இடம் விட்டார். அவர் குனிந்து, இரண்டு விரலால் எக்ஸாஸ்ட் ராடைப் பிடித்தார்.

"சுத்துதா சார்?"

"சுத்துது பாய்."

பாய் எட்டிப் பார்த்து, எதிர் கடைப் பையனிடம் இரண்டு டீ சொன்னார்.