கணினியும் கடிகாரமும்

கணினியின் அகத்தே காலத்தை எண்ணுவது சிறியதொரு குவார்ட்ஸ் படிகம். தட்பவெப்பத்திற்கேற்ப அதன் துடிப்பு சிறிது வேறுபடும். நாளொன்றுக்கு ஒரு வினாடி பிழைப்பினும் ஓராண்டில் அஃது ஆறு நிமிடமாகும். ஆறு நிமிடத்தால் விளையும் கேடு யாதென வினவுவாரும் உளர். சென்ற பருவத்தில் எம் நண்பரொருவர் தம் கட்டுரையை நள்ளிரவுக்கு நான்கு நிமிடம் முன்னரே கல்லூரிச் சர்வருக்கு அனுப்பினார். நெடுநாள் கவனிப்பாரற்று விரைந்தோடிய அதன் கடிகாரமோ, தவணை கடந்து இரண்டு நிமிடமாயிற்றெனப் பதிந்து, கட்டுரையைத் தள்ளிற்று. அவர் முறையிட்டமையின் அஃது ஏற்கப்பட்டது. முறையிட நாணிய இருவர் மதிப்பெண் இழந்தே நின்றனர்.

சரியான நேரத்தைப் பிறிதொரு சர்வரிடம் கேட்டறிந்தாற் போதாதோ எனின், போதாது. விடை வழியில் வரும்பொழுதே பழையதாகிவிடுகின்றது. இவ்விடரை நீக்கும் நெட்வொர்க் டைம் புரோட்டோகாலை 1985இல் வெளியிட்டவர் அமெரிக்க அறிஞர் டேவிட் மில்ஸ் (1938–2024). அதன் நுட்பம் எமக்குப் பெருவியப்பளித்தது. எம் சர்வர் தன் கடிகாரப்படி 10 மணி 6 நிமிடத்திற்கு வினாவை விடுக்கின்றதெனக் கொள்வோம். நேரச் சர்வர் அதனைத் தன் கடிகாரப்படி 10 மணி 2 வினாடிக்குப் பெற்று, 3ஆம் வினாடியில் விடை விடுக்கின்றது. விடை வந்தடையுங்கால் எம் கடிகாரம் 10 மணி 6 நிமிடம் 5 வினாடி காட்டும். கழிந்தது ஐந்து வினாடி. அதில் ஒன்று ஆண்டுத் தங்கியது. எஞ்சிய நான்கிற் பாதி வரும் வழிக்குரியது. ஆகவே மெய்ந்நேரம் 10 மணி 5 வினாடி; பிழை ஆறு நிமிடம். (விளங்குதற்பொருட்டு வினாடி என்றோம், மெய்யில் இவை வினாடியின் ஆயிரத்திலொரு கூறுகளே.)

போக்கும் வரவும் சமமென்பது ஈண்டுக் கொண்ட ஊகம். அவை சமமல்லவேல் விடையும் பிழைக்கும். ஆதலின் பல சர்வர்களை வினாவி, ஒவ்வாதவற்றை ஒதுக்குவர். 1906இல் இந்திய நியம நேரம் வருமுன் இருப்புப்பாதையார் கொண்டொழுகியது சென்னை நேரம். இந்நாளில் நியம நேரத்தைப் பேணுவது டெல்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடம்.

பிழையறிந்ததும் கடிகாரத்தைப் பின்னே தள்ளிவிடலாகாது. பதிவுகளின் முன்பின் குலையும். சிறு பிழையாயின் கடிகாரத்தை மெல்ல நடக்கவிட்டே ஈடுசெய்வர். வினாடிக்கு 500 மைக்ரோவினாடி வீதம் குறைப்பின், ஆறு நிமிடத்திற்கு எட்டு நாளுக்கு மேலாகும். ஆதலின் எம் சர்வரை ஓரிரவு ஓய்வித்து ஒருங்கே திருத்தினர். இப்பொழுது அது 64 வினாடி முதல் 1024 வினாடி வரையான இடைவெளிகளில் நேரம் வினவிக்கொண்டே இருக்கின்றது.