யேல் மைதானத்தில் புல் வெட்டுகிறவர்கள்

கோல்ஃப் மைதானத்தில் அன்றைய முதல் வேலைகளில் ஒன்று, குழியை இடம் மாற்றுவது. ஆட்டக்காரர்கள் வருவதற்கு முன்பே ஒரு பணியாளர் உருளை வடிவ வெட்டுக் கருவியைத் தூக்கிக்கொண்டு கிரீனுக்கு, அதாவது குழி இருக்கும் வழவழப்பான புல்தரைக்கு, வந்துவிடுகிறார். பழைய குழியைச் சுற்றிப் புல் மிதிபட்டுச் சோர்ந்திருக்கும். கொஞ்சம் தள்ளி, சரிவு குறைவாக உள்ள இடமாகப் பார்த்து, கருவியைச் செங்குத்தாக நிறுத்தி அழுத்தித் திருகுகிறார். 4¼ அங்குல விட்டமுள்ள மண், புல்லோடு அப்படியே மேலே வருகிறது. பழைய குழியிலிருந்த குவளை புதுக் குழிக்குப் போகிறது. வெட்டியெடுத்த மண் பழைய குழியை அடைக்கிறது. வேலையில் நுணுக்கமான இடம் இதுதான். அடைத்த மண் ஒரு நூல் உயர்ந்து நின்றால் அதன் மேல் வரும் பந்து விலகும். அடுத்த முறை இயந்திரம் போகும்போது அந்த வட்டம் மட்டும் வழித்தெடுத்தது போல மொட்டையாகும். ஒரு நூல் தாழ்ந்திருந்தாலோ பந்து அங்கே தயங்கும். ஆகவே அவர் குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறார், மறுபடி அழுத்துகிறார், தண்ணீர் விடுகிறார். அப்புறம்தான் அடுத்த கிரீனுக்கு நகர்கிறார்.

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்து மேற்கு விளிம்பில் இருக்கும் யேல் பல்கலைக்கழக மைதானத்தை இந்த வேலையிலிருந்துதான் பார்க்கத் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். பல்கலைக்கழக மைதானங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் யேலை முதல் வரிசையில் வைக்கிறார்கள். வடிவமைத்தவர்களின் பெயர்களைச் சொல்லிப் புகழ்கிறார்கள். புல் வெட்டுகிறவர்களின் பேச்சு அபூர்வமாகத்தான் வருகிறது.

யேலின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு 1880களில் தலைவராக இருந்தவர் ரே டாம்ப்கின்ஸ். அவர் நினைவாக அவருடைய மனைவி 1924இல் சுமார் 700 ஏக்கர் நிலத்தைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். பாறை, சதுப்பு, அடர்ந்த காடு. கோல்ஃபுக்கு அதைவிடப் பொருந்தாத நிலத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மரங்களை வேரோடு பிடுங்கினார்கள், பாறையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1926இல் மைதானம் திறந்தபோது 4 லட்சம் டாலருக்கு மேல் செலவாகியிருந்தது.

ஆலோசகர் சார்ல்ஸ் பிளேர் மெக்டானல்டு. பதின்ம வயதில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸுக்குப் படிக்கப் போய், கோல்ஃப் பைத்தியத்தோடு திரும்பியவர். வரைபடம் போட்டு வேலையை நடத்தியவர் சேத் ரேனர். இவர் சிவில் பொறியாளர். மெக்டானல்டு நிலம் அளக்க அழைத்தபோது ரேனருக்குக் கோல்ஃப் ஆடிய பழக்கமே கிடையாது. இவர்களுக்குக் கைகொடுத்த சார்ல்ஸ் பேங்க்ஸ், பள்ளியில் ஆங்கில ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு ரேனரோடு சேர்ந்துகொண்டவர். மண் தோண்டும் நீராவி இயந்திரத்தைத் தாராளமாக இறக்குவார் என்பதால் பின்னாளில் அந்த இயந்திரத்தின் பெயரே அவருக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. மைதானம் திறந்த அதே 1926இன் ஜனவரியில் ரேனர் இறந்துபோனார்.

ஐரோப்பாவின் பழைய மைதானங்களில் காலம் காலமாக நின்று நிலைத்த குழிகளின் (முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து கிரீன்வரையிலான முழுப் பாதையையும் கோல்ஃபில் குழி என்றே சொல்வார்கள்) அடிப்படை யோசனையை எடுத்து, அமெரிக்க நிலத்துக்கு ஏற்பத் திருத்தி அமைப்பது மெக்டானல்டின் வழி. யேலின் நான்காவது குழி ‘ரோடு’. செயின்ட் ஆண்ட்ரூஸின் 17ஆவது குழிதான் அதற்கு மூலம். அங்கே வலப்பக்கம் கட்டடம் குறுக்கிடுகிறது, இங்கே அதன் இடத்தில் குளம். தண்ணீரை ஒட்டி அடிக்கத் துணிந்தவருக்குக் கிரீன் வாகான கோணத்தில் திறந்துகொள்கிறது. இடப்பக்கமாகப் பத்திரமாக அடித்தவருக்கும் வழி உண்டு, அடுத்த அடிதான் கடினம். ஒரே ஃபேர்வே (கிரீனை நோக்கி நீளும் புல்வெளிப் பாதை), இரண்டு விதமான ஆட்டம். ஆடத்தகுந்த மைதானம் என்பதற்கு நான் காட்டும் முதல் உதாரணம் இந்தக் குழிதான். கற்றுக்குட்டியும் பந்தைத் தொலைக்காமல் முடித்துவிடலாம், கைதேர்ந்தவர் ஒவ்வொரு அடியிலும் யோசித்தாக வேண்டும். மாணவரும் பேராசிரியரும் அலுவலக ஊழியரும் பழைய மாணவரும் ஆடுகிற இடத்தில் இந்தத் தன்மை கட்டாயம் வேண்டும்.

ஒன்பதாவது குழி ‘பியாரிட்ஸ்’. பிரான்ஸின் கடற்கரை ஊர் ஒன்றின் பெயர் அது. 200 கஜத்துக்குச் சற்று அதிகமான தூரம், நடுவே கிரைஸ்ட் குளம். அக்கரையில் நீளமான கிரீன். அதன் குறுக்கே, பெரிய வாய்க்கால் ஓடி வற்றியது போல, ஆளுயரத்தை நெருங்கும் பள்ளம். பள்ளத்துக்குள்ளும் அதே வழவழப்பான புல்தான். குழி பள்ளத்துக்கு அப்பால் உள்ள மேட்டில் இருந்து, பந்து இப்பால் உள்ள மேட்டில் நின்றுவிட்டால், ஆட்டக்காரர் பந்தைப் பள்ளத்தில் இறக்கி மறுபக்கம் ஏற்ற வேண்டும். பந்து கண்ணில் மறைந்து மறுபடி தோன்றும் அந்தச் சில நொடிகளுக்காகவே இந்த மைதானத்துக்கு வருகிறவர்கள் உண்டு.

இந்தக் குழியில் எனக்கு ஒரு குறை உண்டு. தண்ணீரைத் தாண்டித்தான் ஆக வேண்டும், சுற்றிப் போக வழியில்லை. வலுவாக அடிக்க முடியாதவர்களுக்கு முன்னால் தள்ளி அமைத்த டீ (முதல் அடி அடிக்கும் இடம்) ஒன்றுதான் ஆறுதல். அங்கிருந்து ஆடுவதை யாரும் மரியாதைக் குறைவாக நினைக்கக் கூடாது. 13ஆவது குழியான ‘ரெடான்’ இந்த விஷயத்தில் தாராளமானது. அங்கே கிரீன் வலது முன்பக்கத்திலிருந்து இடது பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதால், வலப்பக்கம் விழுந்த பந்து தானே குழியை நோக்கி உருளும். பலம் இல்லாதவருக்கு நிலமே துணை செய்கிறது.

இதையெல்லாம் காகிதத்தில் வரைந்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வடிவத்தை அதன் பிறகு காப்பாற்றுவதும் கைவிடுவதும் புல் வெட்டுகிறவர்தான். கிரீனில் புல்லின் உயரம் இப்போது சுமார் 3 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு நூல். கிரீனின் ஓரத்தில் பங்கர் என்னும் ஆழமான மணற்பள்ளம். இயந்திரம் ஓட்டுகிறவர் ஓரத்துப் புல்லை மொட்டையடித்துவிடாமலும் இயந்திரம் சரியாமலும் இருக்க, விரற்கடை அளவு உள்ளே தள்ளித் திரும்புகிறார். அடுத்து வருகிறவர் அந்தப் புதுக் கோட்டையே எல்லையாக எடுத்துக்கொள்கிறார். யார் மீதும் குற்றமில்லை, ஆனால் சில பத்தாண்டுகளில் கிரீன் கஜக்கணக்கில் சுருங்கி வட்டமாகிவிடுகிறது. பங்கரை ஒட்டிய மூலைகள் உயரப் புல்லுக்குள் போய்விடுகின்றன. குழி வெட்ட ஏற்ற இடங்கள் குறைகின்றன, மீதமுள்ள சில இடங்களே திரும்பத் திரும்ப மிதிபடுகின்றன. ஃபேர்வேக்கும் இதே கதிதான். இருபுறமும் மரம் வளர்ந்து அகலம் குறைந்ததும் ‘ரோடு’ போன்ற குழியில் இரண்டு வழி என்பது ஒரே வழியாகிவிடுகிறது.

புல்லின் உயரம் குறைந்ததில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 1926இல் புல் இவ்வளவு ஒட்ட வெட்டப்படவில்லை. பந்து மெதுவாகத்தான் உருளும் என்று நம்பி ரேனர் தைரியமாகச் சரிவு வைத்தார். கிரீனின் வேகத்தை அளக்க எட்வர்ட் ஸ்டிம்ப்சன் 1935இல் ஒரு சாய்தளக் கருவியை உருவாக்கினார். அது 1970களில் பரவிய பிறகு, வேகமான கிரீன்தான் நல்ல கிரீன் என்ற போட்டி வந்துவிட்டது. பழைய சரிவில் புதிய வேகம் சேர்ந்தால் பந்து குழியருகே நிற்காது, கீழே ஓடிவிடும். யேல் போன்ற மைதானத்தில் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வைப்பதுதான் வடிவமைப்புக்குச் செய்யும் நியாயம் என்பேன்.

2020இன் தொற்றுக் காலத்தில் யேல் மைதானம் நீண்ட நாள் மூடிக் கிடந்தது. ஆள் குறைந்தது, தரம் சரிந்தது, அதைக் கண்டவர்கள் மனம் நொந்தார்கள். பின்னர் வடிவமைப்பாளர் கில் ஹான்ஸின் குழுவிடம் மீட்டமைப்புப் பணி ஒப்படைக்கப்பட்டது. பழைய புகைப்படங்களில் இருந்த அளவுக்குக் கிரீன்களை விரிப்பதும், ஃபேர்வேக்களை அகலப்படுத்துவதும், பங்கர்களை ஆதி வடிவத்துக்குக் கொண்டுவருவதும் அந்த வேலையின் சாரம்.

விரித்த கிரீன் விரித்தபடியே நிற்க வேண்டுமானால், விளிம்புவரை இயந்திரத்தை ஓட்டத் தெரிந்த கை தினமும் வேண்டும். மீட்டமைப்புக்குக் கொடை தர பழைய மாணவர்கள் முன்வருவார்கள். தினசரிக் கூலிக்கும் பயிற்சிக்கும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டியது பல்கலைக்கழகம்தான். யேல் மட்டுமல்ல, மைதானம் வைத்திருக்கிற ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அந்தச் செலவை வரவுசெலவுத் திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும்.