தரை அழகு இருக்கட்டும்... முதலில் அண்ணாந்து பாருங்க!

காரைக்குடியிலிருந்து திருச்சி சாலையில் கொஞ்ச தூரம் போனால் கானாடுகாத்தான். நூல் பிடித்தாற்போல நேரான, அகலமான தெருக்கள். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் கொல்லைக் கதவு என்று நீண்டு கிடக்கும் மாளிகைகள். ஆனால், பல கதவுகளில் பூட்டு தொங்குகிறது. மதில் இடுக்கில் அரசங்கன்று துளிர்த்திருக்கிறது.

பர்மா, மலேயா, இலங்கை என்று தொழில் செய்த நகரத்தார் 1850-க்கும் 1940-க்கும் இடையே எழுப்பிய வீடுகள் இவை. பர்மா தேக்கு கப்பலில் வந்தது. 1942-ல் பர்மா ஜப்பான் வசமானது. அங்கிருந்த சொத்தும் தொழிலும் போயின. வீடுகள் மட்டும் மிஞ்சின. 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பிடித்தன. ஆனாலும் ஆளில்லாத வீட்டை மழைதானே ஆள்கிறது!

இப்படிப்பட்ட வீட்டைத் தேடி இரண்டு வகையினர் வருகிறார்கள். ஒருவர், தூணையும் நிலைக்கதவையும் பிரித்து விற்க வருபவர். காரைக்குடி பழம்பொருள் கடைகளில் அடுக்கி நிற்கும் தூண்கள் எல்லாம் ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் வீட்டைத் தாங்கியவை. இன்னொருவர், குடியிருக்கவோ விடுதி நடத்தவோ வருபவர். இவர் சரியாகப் பார்த்து வாங்கினால் வீடு பிழைக்கும். ஏமாந்து வாங்கினால் சேமிப்பும் போகும். பராமரிக்க முடியாமல் கடைசியில் வீடும் தூண் தூணாகப் போகும்.

பணி ஓய்வு பெற்ற ஒரு தம்பதி வீடு பார்க்க வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆத்தங்குடி கல் பதித்த தரையைப் பார்த்ததுமே அந்த அம்மாவுக்கு மனசு பறிபோய்விடும். ஊஞ்சல் எங்கே போடலாம் என்று அவர் கண் தேடும்போது, கூட வந்த வயதான கொத்தனார் சொல்வார்: “தரையைப் பொறவு பாக்கலாம்மா. மொதல்ல அண்ணாந்து மேல பாருங்க!”

அனுபவப் பேச்சு அது. பழைய வீட்டுக்கு வியாதி பெரும்பாலும் கூரை வழியாகத்தான் இறங்கும். நடுவில் இருக்கும் திறந்த வளவை நோக்கி நான்கு புறமும் ஓடு சரிந்திருக்கும். ஓர் ஓடு நழுவினால் போதும், தண்ணீர் மரத்தில் இறங்கும். தேக்கைக் கரையான் லேசில் தொடாது என்பது உண்மைதான். ஆனால், வருடக்கணக்கில் நனைந்தால் தேக்கும் இற்றுப்போகும். அதிலும் சுவருக்குள் செருகியிருக்கும் விட்டத்தின் நுனிதான் முதலில் கெடும். அங்கே தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்டால் நல்லது. பொத்தென்று கேட்டால், ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்துவிடலாம்.

அடுத்து சுவர். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு, நூறு ஆண்டு தாண்டியும் கண்ணாடியாக மின்னும். அதன்மேல் யாராவது சிமென்ட் பூசியிருந்தால் உஷார்! சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும்; சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். அடிச்சுவரில் உப்புப் பூத்திருந்தால் ஓதம் ஏறுகிறது என்று அர்த்தம்.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், அஸ்திவாரம் இறங்கியதன் அடையாளமாக இருக்கலாம். விரிசலின் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டிவைத்து, சில மாதங்கள் கழித்துப் பார்க்கலாம். கண்ணாடி உடைந்திருந்தால், விரிசல் இன்னும் வளர்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை போய்ப் பார்ப்பது இன்னும் நல்லது. வெயில் காலத்தில் மறைத்ததை எல்லாம் மழைக்காலத்தில் வீடே சொல்லிவிடும்.

கொத்தனாருடன் ஒரு தச்சர், ஒரு எலெக்ட்ரீஷியன், பழைய கட்டடம் தெரிந்த ஒரு இன்ஜினீயர். இவர்களுக்குக் கொடுக்கும் கூலி, வீட்டு விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. செலவுக் கணக்கு கையில் இருந்தால், விலை பேசவும் தெம்பு வரும்.

கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று உண்டு. அது பத்திரத்தில் இருக்கும். செட்டிநாட்டு வீடு பெரும்பாலும் ஒருவருடையது அல்ல, பங்காளிகளுடையது. ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில் என்று சிதறியிருப்பார்கள். 1989-க்குப் பிறகு தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் பெண்களுக்கும் சட்டப்படி பங்கு வந்துவிட்டது. ஆக, தாய்ப்பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் வழக்கறிஞர் பார்த்து, பங்குள்ள அத்தனை பேரும் கையெழுத்திடச் சம்மதித்த பிறகுதான் முன்பணம்.

இவ்வளவும் பார்த்த பிறகு ‘வேண்டாம்’ என்று திரும்புவதும் நஷ்டமில்லை. ‘வாங்கலாம்’ என்று முடிவானால், முதல் செலவு வர்ணத்துக்கு அல்ல; ஓட்டுக்கு. கூரை ஒழுகாமல் நின்றுவிட்டால், மற்றதை மெள்ள மெள்ளச் சரிசெய்யலாம்.

அதன் பிறகு அந்த அம்மா தாராளமாக ஊஞ்சல் மாட்டலாம்... எந்த விட்டம் தாங்கும் என்பதுதான் தெரிந்துவிட்டதே!