அரை மில்லிமீட்டர் பெல்ட்

தக்கலையிலிருந்து குலசேகரம் போகும் பேருந்தில் இடம் கிடைக்காத நாட்களில், டிரைவர் பக்கத்து எஞ்சின் மூடிமேல் உட்கார்ந்துதான் பள்ளிக்காலத்தில் போவேன். கீழே சூடு, டீசல் வாசனை, விடாத ஒரு கீச்சுச் சத்தம். "பெல்ட்டு தேஞ்சிட்டு" என்று டிரைவர் தனக்குள் முனகுவார். அந்த மூடிக்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்த்தது போன மாதம்தான். ஆனால் அந்தப் பேருந்தின் நீளம் ஒன்றரை அடி!

ஆசிரிய நண்பர் ஒருவர் கூட்டிப்போனார். குலசேகரத்தைத் தாண்டி, ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓட்டு வீடு. திண்ணையில் மேசை, மேசைமேல் 24-ல் ஒரு பங்கு அளவில் பழைய பேருந்து. பக்கவாட்டில் 'நேசமணி போக்குவரத்துக் கழகம்' என்று எழுத்து. தலைவர்களின் பெயர்களைக் கழகங்களிலிருந்து 1997-இல் எடுத்துவிட்டார்கள். இந்த மேசையில் அந்தப் பெயர் இன்னும் ஓடுகிறது. கூடு கட்டுவது, சாயம் அடிப்பது பற்றியெல்லாம் அந்த மாதிரியைச் செய்தவர் சொன்னது எனக்குப் பாதிதான் புரிந்தது. அதை விடுகிறேன். என்னைப் பிடித்து நிறுத்தியது எஞ்சின்.

அதன் முன்முகத்தில் மூன்று புல்லிகள்: கிராங்க், ஃபேன், ஆல்டர்னேட்டர். அவற்றைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பெல்ட். அசல் 'ஏ' வகை வி-பெல்ட்டின் மேல்முகம் 13 மில்லிமீட்டர், தடிமன் 8. அதை 24-ஆல் வகுத்தால் அகலம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். தடிமன் மூன்றில் ஒரு மில்லிமீட்டர்.

"முதல்ல நூலு வச்சு பாத்தேன் சார். கிட்ட கொண்டுபோனா பிசிறு தெரியும். அது பெல்ட்டா, பட்டத்து நூலா? சைக்கிள் டியூப் வெட்டிப் பாத்தேன், தடிமன் கூடிப்போச்சு."

விடை வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. சிரட்டையில் வடியும் ரப்பர் பாலில் சில சொட்டுக் கறுப்பு மை விட்டு, கண்ணாடித் தகட்டில் மெல்லிசாக ஊற்றிக் காயவைக்கிறார். காய்ந்த தோலைக் கண்ணாடியோடு வைத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த கத்தியால் ஒரே இழுப்பு. கத்தி என்றால், இரண்டு சவர பிளேடுகளுக்கு நடுவே அட்டைத் துண்டு செருகி இறுக்கிக் கட்டியது. அட்டையின் தடிமன்தான் பெல்ட்டின் அகலம். முனைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்தினால் பசையில்லாமலே ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டைக் கிராங்க் புல்லிக்கு அடியில் மறைத்துவிட்டு, பிசுபிசுப்புப் போக முகப் பவுடர் தடவுகிறார். சாலைத் தூசி படிந்த நிறமும் அதிலேயே வந்துவிடுகிறது.

புல்லிக்குப் பிளாஸ்டிக் அட்டையில் பெரியது, சிறியது, பெரியது என்று மூன்று வட்டங்களை ஒட்டினால் பள்ளம் கிடைக்கும். அதில் பெல்ட் அடிவரை இறங்கக் கூடாது. அசலில் பெல்ட் பக்கச் சுவர்களில் நெருக்கிப் பிடித்துத்தான் இழுக்கிறது. அடியைத் தொட்டால் வழுக்கும். ஆல்டர்னேட்டர் புல்லி சிறிதாக இருக்க வேண்டும், அது வேகமாகச் சுற்றவேண்டியது. பள்ளத்தின் உட்சுவரில் பென்சில் முனையைத் தேய்க்கிறார். பெல்ட் உரசும் இடம் பளபளக்கும், விளிம்பு துருப்பிடித்திருக்கும். பதினாறு வயதில் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து, முதுகு மக்கர் செய்யும் வரை எஞ்சினுக்கு அடியில் படுத்தவருக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கையின் பக்குவம் அதற்கும் முந்தியது. அவருடைய அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு, பட்டையை ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவ வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். "அப்பாவுக்குக் கண்ணு கையில இருந்துது" என்றார். 1984-இல் தொடங்கிய அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் கீரிப்பாறை, சிற்றாறு, கோதையாறு என்று விரிந்து கிடக்கும் மாவட்டம் இது. அமெரிக்காவின் டென்வரில் ஜான் கேட்ஸ் 1917-இல் செய்த ரப்பர் வி-பெல்ட்டின் பேரன் இந்தத் திண்ணையில் பிறக்கிறான்.

இனி கோபம். ஆர்டர் பிடித்துத் தரும் ஒருவர் நகரத்தில் இருக்கிறார். கூலி அங்குலக் கணக்கு. பேருந்து எத்தனை அங்குலமோ அத்தனைக்குக் காசு. மூடிக்குள் இருக்கும் எஞ்சினுக்கு அங்குலம் கிடையாது. இரண்டு நாள் பெல்ட் வேலைக்குக் கூலி சுழியம். மாதிரியின் படம் வெளியாகும்போது தரகர் பெயர் இருக்கும், செய்தவர் பெயர் இருக்காது. அப்பனுக்குப் பாலின் எடைக்குக் காசு, மகனுக்குப் பேருந்தின் நீளத்துக்குக் காசு. கையின் நுட்பத்தை அளக்கும் தராசை எந்தத் தரகரும் வாங்குவதில்லை.

"பின்னே எதுக்கு உள்ள இவ்வளவு பாடு?" என்று கேட்டேன்.

"மூடியைத் தூக்குறவன் ஒருத்தன் வருவான் சார். அவன் கொள்ளாம்னு சொன்னா போதும்."

எனக்கு அது போதாது. மாதிரிப் பேருந்து வாங்கும் வசதியுள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: மூடியைத் தூக்கிப் பாருங்கள். செய்தவர் யார் என்று கேளுங்கள். பணத்தை அவர் கையில் கொடுங்கள்.