குட்டைக்குள்ளே ஒரு டெபாசிட்!

செங்கல்பட்டு லோக்கலில் தினமும் நின்றுகொண்டே போகிற ஜாதிக்கு ஒரு பொதுக் கனவு உண்டு. மாமல்லபுரம் பக்கம் அரை கிரவுண்டு மனை! போன கார்த்திகையில் நண்பன் என்னையும் இழுத்துக்கொண்டு இடம் பார்க்கப் போனான். மனைகளுக்குப் பின்னால் ஒரு குட்டை. ஓரமெல்லாம் நீள நீள வாலோடு நெற்கதிர்.

"யாருங்க விதைச்சது?"

"யாரும் விதைக்கல சார், காட்டு நெல்லு. நாலு லோடு மண்ணு கொட்டினா காணாமப் போயிடும்!" என்றார் புரோக்கர் உற்சாகமாக.

நான் பி.காம். நெல்லுக்கும் எனக்கும் உள்ள உறவு மெஸ்ஸோடு சரி. இருந்தாலும் மனசு கேட்காமல், விவசாயம் படித்த நண்பரிடம் ஒரு கதிரைக் காட்டினேன். ஓரைசா நிவாரா என்றார். குட்டை வற்றுவதற்குள் பூத்து, காய்த்து, மணியை உதிர்த்துவிட்டுச் செத்துப்போகும். வற்றாத தண்ணீரில் வளரும் அதன் பங்காளி ரூஃபிபோகனோ பல வருஷம் வாழும். நிவாரா பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால், ஒரு குட்டையின் குணம் அடுத்த குட்டைக்கு லேசில் போகாது. பார்க்க ஒரே நெல். உள்ளே ஒவ்வொன்றும் தனிக் கணக்கு.

அதனால் என்ன என்கிறீர்களா? 1970களில் பயிரைக் குட்டையாக்கும் ஒரு வைரஸ் ஆசிய வயல்களைப் பிடித்து ஆட்டியது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 6,000க்கும் மேற்பட்ட ரகங்களைச் சோதித்தது. ஊஹும்! தாக்குப்பிடித்தது உத்தரப்பிரதேசத்தில் சேகரித்த ஒரே ஒரு நிவாரா. அதிலும் சில செடிகள்தான். மற்ற ஊர் நிவாராக்கள் கைவிரித்துவிட்டன. குர்தேவ் சிங் குஷ் குழுவினர் அந்தக் குணத்தைப் பயிர் நெல்லில் ஏற்றி, 1976-ல் ஐ.ஆர். 36 வெளிவந்தது. அந்த இடத்தில் முன்கூட்டியே நாலு லோடு மண் விழுந்திருந்தால்? நினைத்தாலே பகீர் என்கிறது.

விதை வங்கிதான் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். ஆனால் குளிரில் தூங்கும் விதைக்குப் புது வறட்சியும் தெரியாது, புது வைரஸும் தெரியாது. குட்டையில் இருப்பது வருஷா வருஷம் பரீட்சை எழுதுகிறது.

பிச்சாவரத்தில் இன்னொரு சொந்தக்காரர் இருக்கிறார், ஓரைசா கோஆர்க்டேட்டா. கடல் தண்ணீர் வந்து போகிற சேற்றிலேயே குடித்தனம். உறிஞ்சின உப்பை இலை வழியாகக் கக்கிவிடும். மாமல்லபுரம் பக்கம் போர் போட்டு உப்புத் தண்ணீர் பார்த்தவர்கள் இவர் விலாசத்தைக் குறித்துக்கொள்ளலாம்.