நம்பிக்கையும் சான்றும்

தமிழில் 'நம்பிக்கை' இருபொருள் தரும் சொல். இனி நன்மை வரும் என எதிர்நோக்குவதும் நம்பிக்கை. ஒன்றை உண்மையென ஏற்பதும் நம்பிக்கை. 30 ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்துவரும் எனக்கு, இவ்விரு பொருளும் கலந்துவிட்டால் என்ன நேரும் என்பதை ஒரு மருத்துவ வரலாறு உணர்த்தியது.

நரம்பிழைகளைப் போர்த்தியுள்ள மயலின் உறையை உடலின் நோய் எதிர்ப்பாற்றலே தாக்கிச் சிதைப்பது மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்னும் நோய். நடை தளரும், பார்வை மங்கும், களைப்பு வாட்டும். முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. கனடாவில் இந்நோய்க்கு ஆளானோர் மிகுதி.

இத்தாலியின் பெராரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரத்தநாள மருத்துவர் பாவ்லோ சம்போனி. அவர்தம் மனைவியும் இந்நோயால் வருந்தியவர். கழுத்துச் சிரைகள் குறுகி, மூளையிலிருந்து குருதி திரும்புவது தடைப்படுவதே நோய்க்குக் காரணமாகலாம் என அவர் கருதினார். சிறு பலூனைச் செலுத்திச் சிரையை விரிக்கும் சிகிச்சையை 65 பேருக்கு அளித்து, அதன் விளைவை 2009இல் வெளியிட்டார். 'விடுதலைச் சிகிச்சை' என்னும் பெயருடன் அச்செய்தி கனடாவெங்கும் பரவியது.

சான்று போதாமையால் கனடாவில் அச்சிகிச்சை கிடைக்கவில்லை. நோயாளிகள் பலர் சேமிப்பைக் கரைத்தும் ஊரார் உதவியைத் திரட்டியும் போலந்து, மெக்சிகோ, கோஸ்டாரிகா, இந்தியா முதலிய நாடுகளுக்குச் சென்றனர். சிலர் நலம்பெற்றதாக மகிழ்ந்தனர். கோஸ்டாரிகாவில் சிகிச்சை பெற்ற கனடா நாட்டவர் ஒருவர், குருதி உறைவால் நேர்ந்த சிக்கலில் 2010இல் உயிரிழந்தார்.

இவர்களை அறியாதோர் எனப் பழிக்க என் மனம் ஒப்பவில்லை. தம் கால்கள் நாள்தோறும் வலுவிழப்பதைக் காண்பவரிடம், 'ஆய்வு முடியும்வரை பொறுத்திருங்கள்' என்று சொல்வது எளிதன்று.

மகிழ்ந்தோர் கூறியது பொய்யும் அன்று. இந்நோய் பலருக்குத் தானே தணிந்து, பின் மீண்டும் மிகும் இயல்புடையது. தணியும் வேளையில் எச்சிகிச்சை பெற்றாலும் அதற்கே பெருமை சேரும். பெரும்பொருள் செலவிட்டு நெடுந்தொலைவு சென்றுவந்த மனமும் நலத்தின் அறிகுறிகளையே தேடும்.

உண்மையை அறிய, கனடாவில் 104 நோயாளிகளிடம் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்குப் பலூன் சிகிச்சை. ஏனையோருக்குச் சிகிச்சை போன்ற பாவனை மட்டும். யாருக்கு எது என்பதை நோயாளியும் அறியார்; மதிப்பிட்ட மருத்துவரும் அறியார். ஓராண்டின் பின் இரு பிரிவினருக்கும் வேறுபாடில்லை என்னும் முடிவு 2017இல் வெளிவந்தது. அதே ஆண்டில், சம்போனியே முன்னின்று நடத்திய மற்றோர் ஆய்வும் அச்சிகிச்சை பயனற்றது எனக் காட்டியது. மனைவியின் துயர் தீர்க்கத் தாம் வளர்த்த கருத்தை மறுக்கும் அம்முடிவை அவர் தம் பெயராலேயே வெளியிட்டார். இவ்வரலாற்றில் நான் பெரிதும் மதிப்பது இச்செயலையே.

மாணவர்களே, துன்புறுவோரின் நம்பிக்கையை எவரும் பறித்தலாகாது. அதை விலைபேசுதலும் ஆகாது. நாளை உங்கள் இல்லத்திலும் தீராநோய்க்கு ஒரு புதுமருந்தைப் பற்றிய செய்தி வரக்கூடும். அப்போது, 'இதனால் குணமானோர் எத்தனை பேர்?' என்று கேட்பதோடு நில்லாதீர்கள். 'இதைப் பெறாதோர் என்ன ஆயினர்?' என்றும் கேளுங்கள்.